கல்லூரிச் சமுதாய வானொலி: காதில் விழும் கோளாறும் கை வைக்க வேண்டிய இடமும்

காலை எட்டரை மணி இருக்கும். எங்கள் நிலையத்துக்கு அடிக்கடி போன் செய்கிற தறிக்கார அக்கா ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, பாட்டுல வயலின் எல்லாம் நல்லாக் கேக்குது. பாடுறவரைத்தான் காணோம். நீங்க பேசுறப்ப ரேடியோவே அணைஞ்ச மாதிரி இருக்கு” என்றார். ஸ்டுடியோவில் ஹெட்போன் மாட்டியிருந்த மாணவிக்குப் பாட்டு முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டிரான்ஸ்மிட்டரில் எல்லா விளக்கும் பச்சை. அந்த அக்கா சொல்லாமல் விட்டிருந்தால் அன்று முழுக்க ஊமை ஒலிபரப்புதான் போயிருக்கும்.

ஒரு கல்லூரி வளாகத்தில் இருக்கும் சமுதாய வானொலியில் பல வருடமாகக் கேபிளும் கையுமாக இருப்பவன் நான். ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர்கள் வருகிறார்கள், அதே கோளாறுகள் திரும்ப வருகின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இயந்திரத்தின் பெயரை வைத்துப் பிரிக்காமல், நேயர் போனில் என்ன சொல்கிறாரோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். கோளாறு முதலில் தெரிவது அவருக்குத்தான்.

நம் நிலையங்கள் ஏன் கல்லூரிக் கட்டடத்துக்குள் இருக்கின்றன என்பதற்கு ஒரு கதை உண்டு. 2002 டிசம்பரில் மத்திய அரசு சமுதாய வானொலிக்குக் கதவைத் திறந்தபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் 2006 நவம்பரில்தான் வழி கிடைத்தது. அதனால் தமிழ்நாட்டில் பல நிலையங்கள் பழைய வகுப்பறையை மறித்துக் கட்டிய ஸ்டுடியோவில்தான் ஓடுகின்றன. பக்கத்து அறையில் லேப், கீழே தண்ணீர் மோட்டார், மேலே மொட்டை மாடியில் டவர். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு இந்த அமைப்பே காரணம்.

கை வைப்பதற்கு முன்

ஒலி போகும் வழியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: மைக் அல்லது கம்ப்யூட்டர், மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் மேசை), ப்ராசசர் (ஒலியைச் சீராக்கும் கருவி), டிரான்ஸ்மிட்டர், கோஆக்சியல் கேபிள் (உள்கம்பியைச் சுற்றிப் பின்னல் கம்பி உள்ள ஒயர்), ஆன்டெனா, அப்புறம் நேயரின் ரேடியோ. கோளாறு வந்தால் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போகாதீர்கள். நடுவில் வெட்டிப் பாருங்கள். மிக்சரின் வெளியீட்டில் ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். அங்கே சரியாக இருந்தால் பழுது அதற்கு அப்பால், டிரான்ஸ்மிட்டர் பக்கம். அங்கேயே கெட்டிருந்தால் டிரான்ஸ்மிட்டர் அறைப் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு நிமிடத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

நான்கு பொருள்கள் அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும்: ஒற்றை ஸ்பீக்கர் உள்ள மலிவான பாக்கெட் ரேடியோ, மல்டிமீட்டர், 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டினால் சக்தியைச் சூடாக்கிக் கரைத்துவிடும்), ஒரு நோட்டு. டம்மி லோடு நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் சக்தியைத் தாங்குவதாக இருக்க வேண்டும். 50 வாட் டிரான்ஸ்மிட்டருக்கு 100 வாட் லோடு வாங்கி வையுங்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் எந்த அவசரத்திலும் மீறாதீர்கள். ஆன்டெனாவோ டம்மி லோடோ மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யக் கூடாது. அதன் வெளியீட்டு டிரான்சிஸ்டர் நொடியில் போய்விடக்கூடும். அடுத்தது, டவரில் ஆள் ஏறுகிறார் என்றால் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பிளக்கை ஏறுகிறவர் கண்ணில் படும்படி வையுங்கள். மாணவர் யாரும் டவரில் ஏறக் கூடாது. பாதுகாப்புப் பெல்ட்டும் பழக்கமும் உள்ளவர் வரும்வரை ஒலிபரப்பு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

“பாட்டு வருது, பாடுறவரைக் காணோம்”

அந்த அக்கா சொன்ன கோளாறு இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டுடியோவுக்குள் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

முதலில் இரண்டு நேயர்களை விசாரியுங்கள். செல்போனில் இயர்போன் மாட்டிக் கேட்பவர் “நல்லாத்தானே இருக்கு” என்பார். ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் கேட்பவர் “குரலே இல்ல” என்பார். இருவரும் சொல்வது உண்மை. இப்படி இரண்டு பதில் வந்தாலே பழுது என்னவென்று தெரிந்துவிட்டது: இடது, வலது சேனல்களில் ஏதோ ஒன்றின் அலை தலைகீழாக, அதாவது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் போகிறது.

பாட்டைப் பதிவு செய்யும்போது பாடகர் குரலை இரண்டு சேனலிலும் சம அளவில் வைப்பார்கள். வயலின், தபேலா போன்றவற்றை ஆளுக்கொரு பக்கம் தள்ளி வைப்பார்கள். ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ இரண்டு சேனலையும் கூட்டித் தருகிறது. ஒன்று தலைகீழாக வந்தால், கூட்டும்போது இரண்டிலும் சமமாக இருப்பது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியமாகிவிடும். குரல் போய்விடும், ஓரத்தில் இருக்கும் வயலின் தப்பிக்கும். நம் அறிவிப்பாளரின் மைக்கும் இரண்டு சேனலுக்கும் சமமாகத்தான் போகிறது. அதனால் அவர் பேசும்போது மொத்தமாக நிசப்தம்.

அன்று எங்களுக்கு நடந்தது இது. முந்தைய நாள் மிக்சரிலிருந்து ப்ராசசருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) ஆடியோ கேபிள் ஒன்றில் கம்பி விட்டுப்போய், ஒரு மாணவர் திரும்பப் பற்ற வைத்திருந்தார். பிளக்கின் திருகைக் கழற்றி உறையைப் பின்னால் இழுத்தேன். ஈயம் பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் 2ஆம் பின்னில் இருக்க வேண்டிய சிவப்புக் கம்பி 3ஆம் பின்னில் இருந்தது, வெள்ளை 2இல். மறுமுனை சரியாக இருந்தது. அந்த ஒரு சேனல் மட்டும் தலைகீழ். மிக்சருக்குப் பிறகு நடந்த தவறு என்பதால், மிக்சரில் ஹெட்போன் மாட்டியவருக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டு கம்பியை மாற்றி வைக்கப் பத்து நிமிடம் ஆனது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் அடிக்கடி வருவது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஸ்டீரியோ ஒயரை, மூன்று தொடுபகுதி உள்ள பெரிய ஜாக் போட்டு, மிக்சரின் ஒரே லைன் இன்புட்டில் செருகிவிடுவார்கள். மிக்சர் அதை பேலன்ஸ்டு சிக்னல் (ஒரே ஒலியை இரண்டு கம்பியில், ஒன்றில் தலைகீழாக அனுப்பும் முறை) என்று நினைத்து, இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். அப்போது பாட்டில் குரல் மங்கும். மோனோவாகப் பதிவு செய்த பேட்டி முழுசாகக் காணாமல் போகும். ஸ்டுடியோ மைக் மட்டும் நன்றாகக் கேட்கும். இது மிக்சரின் ஹெட்போனிலேயே தெரிந்துவிடும். லேப்டாப்பிலிருந்து இடதும் வலதும் தனித்தனி ஜாக்காகப் பிரியும் ஒயரைப் போட்டு, இரண்டு இன்புட்டில் செருகினால் சரியாகிவிடும்.

கேபிள் பற்ற வைத்த ஒவ்வொரு முறையும் இரு முனையிலும் 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 என்று மல்டிமீட்டரில் பீப் கேட்டுவிட்டு மாட்டுங்கள். பிறகு பாக்கெட் ரேடியோவில் ஒரு நிமிடம் கேளுங்கள்.

“உம்ம்னு ஒரு சத்தம் பின்னாடியே வருது”

முதலில் அந்த “உம்ம்” எப்படிப்பட்டது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆழமான, வழவழப்பான “உம்ம்” என்றால் 50 ஹெர்ட்ஸ், நேரே கரண்ட் லைனிலிருந்து வருகிறது. கொஞ்சம் கரகரப்பாக, வண்டு ரீங்காரம் போல இருந்தால் 100 ஹெர்ட்ஸ், ஏதோ ஒரு பவர் சப்ளையின் கெபாசிட்டர் வயதாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். “டிட்-டிட்-டிட் டிட்” என்று விட்டு விட்டு வந்தால் மிக்சர் மேல் யாரோ போனை வைத்திருக்கிறார்கள், எடுத்துவிட்டால் முடிந்தது.

50 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டதா? அப்படியானால் எர்த் லூப். லேப்டாப் ஒரு சுவர்ப் பிளக்கில், மிக்சர் வேறு சுவரில். இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் நடுவில் சிறு மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். அது ஆடியோ ஒயரின் ஷீல்டு (கம்பியைச் சுற்றியுள்ள உலோகக் கவசம்) வழியாக ஓடி, சத்தமாக மாறுகிறது. ஸ்டுடியோவில் உள்ள எல்லாக் கருவிக்கும் ஒரே யூ.பி.எஸ்., ஒரே பவர் போர்டு என்று கொண்டுவந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) போடுங்கள்.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மையிலேயே நின்றும் விடும். அதைச் செய்யாதீர்கள். மைக்கின் உலோக உடலில் உதடு படும் தூரத்தில் பதினெட்டு வயதுப் பெண் உட்கார்ந்து பேசுகிறாள். எங்காவது இன்சுலேஷன் விட்டுப்போனால் அந்த எர்த் ஒயர்தான் அவளைக் காப்பாற்ற வேண்டும்.

பழைய கட்டடங்களில் இன்னொன்று பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் மட்டும் இரைச்சல் அதிகமாகிறது என்றால் எர்த் குழி காய்ந்திருக்கிறது. பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேலே ஏறினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். தற்போதைக்குக் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அன்று மாலையே வித்தியாசம் தெரியும்.

கடைசியாக ஒரு வகை: டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆனால் மட்டும் ஸ்டுடியோவில் இரைச்சலோ கீச்சொலியோ வருகிறது. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை மாட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால், மாடியில் இருக்கும் நம் ஆன்டெனாவின் அலைகளே கீழே உள்ள மைக் ஒயருக்குள் நுழைகின்றன என்று அர்த்தம். 90.4 மெகாஹெர்ட்ஸின் கால் அலை நீளம் சுமார் 83 சென்டிமீட்டர். அந்த அளவில் ஷீல்டு விட்டுப்போன ஒயர் நல்ல ஆன்டெனாவாக வேலை செய்யும். ஷீல்டு சரியாகப் பற்றவைத்த பேலன்ஸ்டு கேபிளும், இரு முனையிலும் கிளிப் ஃபெர்ரைட்டும் (ஒயர் மேல் மாட்டி ரேடியோ அலையைத் தடுக்கும் வளையம்) போடுங்கள்.

“மழை பெஞ்சதிலேர்ந்து விட்டு விட்டு வருது”

ஐப்பசி பிறந்தால் இந்தப் போன் வரும், தவறாது. வடகிழக்குப் பருவமழையும் ஆன்டெனா கனெக்டரும் சேர்ந்தால் இதுதான் நடக்கும்.

டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் இரண்டு எண்கள் காட்டும்: வெளியே போகிற சக்தி, திரும்பி வருகிற சக்தி. 50 வாட் போய் 1 வாட் திரும்பினால் ஆரோக்கியம். 2 வாட் என்றால் வி.எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்தாமல் இருக்கின்றன என்று காட்டும் விகிதம்) 1.5, கவனிக்க வேண்டிய நேரம். ஐந்தரை வாட் திரும்பினால் அது 2ஐத் தொட்டுவிட்டது. இந்த அளவுக்குப் போனால் நல்ல டிரான்ஸ்மிட்டர்கள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைத் தானே குறைக்கும் அல்லது அணைந்து அணைந்து எரியும். நேயருக்கு அது “விட்டு விட்டு” என்று கேட்கிறது. டிரான்ஸ்மிட்டர் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பி மூன்று வாரம் மௌனமாக இருந்த நிலையத்தை எனக்குத் தெரியும். டிரான்ஸ்மிட்டரில் எந்தப் பழுதும் இல்லை.

அதனால் முதலில் அணையுங்கள். கேபிளைக் கழற்றி டம்மி லோடு மாட்டுங்கள். ஆன் செய்யுங்கள். திரும்பும் சக்தி பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் டிரான்ஸ்மிட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு கேபிளிலோ ஆன்டெனாவிலோதான். டம்மி லோடிலும் திரும்பினால் டிரான்ஸ்மிட்டருக்கும் லோடுக்கும் நடுவில் உள்ள சிறு ஒயரை மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் சர்வீஸை நினைக்கலாம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மல்டிமீட்டரைக் கேபிளின் கீழ் முனையில் வைத்து, “உள்கம்பியும் வெளிச்சுற்றும் ஷார்ட்” என்று பதறுவார்கள். மடக்கு டைபோல், காமா மேட்ச் போன்ற பல ஆன்டெனாக்கள் நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட்டாகத்தான் தெரியும். அது அவற்றின் அமைப்பு. உங்கள் ஆன்டெனா நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு முறை அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

மேலே ஏறுகிறவரிடம் கனெக்டரைக் கழற்றி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கனெக்டரை மட்டும் மாற்றினால் போதாது. கேபிளின் ஜாக்கெட்டைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள், உள்ளே பின்னல் கம்பி கறுத்திருக்கும். கறுப்பு முடிந்து செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டி எறிய வேண்டும். ஒரு முறை எங்களுக்கு ஒன்றரை மீட்டர் போனது. ஜாக்கெட்டின் ஒரு சின்னக் கீறல் வழியே நீர் இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

புதுக் கனெக்டர் போட்டதும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றினால், ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படியும், தண்ணீர் வழிந்து போகும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் பிடிக்கும் கிண்ணம். ரப்பர் டேப் வெயிலில் வெடிக்கும், அதனால் அதன்மேல் நல்ல பி.வி.சி. டேப் ஒரு சுற்று. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகட்டும். இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

மழையே இல்லாமல் திரும்பும் சக்தி ஏறினால் ஆன்டெனாவை பைனாகுலரில் பாருங்கள். ஒரு கோடையில் எங்கள் டைபோலின் இணைப்புப் பெட்டி மேல் காகம் கூடு கட்டியிருந்தது. பாதி சுள்ளி, பாதி கட்டட வேலையில் கிடந்த கட்டுக்கம்பி. குஞ்சுகள் பறக்கும்வரை சக்தியைக் குறைத்து ஓட்டினோம். அப்புறம்தான் எடுத்தோம்.

“முன்னெல்லாம் எங்க ஊருக்கு வரும், இப்ப வர்றதில்ல”

இந்தப் புகாருக்குப் பதில் ஸ்டுடியோவில் கிடைக்காது. வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பேருந்து நிறுத்தம், பால் சொசைட்டி, ரேஷன் கடை என்று நாலு திசையிலும் ஐந்தாறு இடங்களை நிரந்தரமாகக் குறித்து வைத்து, அதே பாக்கெட் ரேடியோவை அதே இடத்தில் பிடித்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்டு எழுதுங்கள்.

ஒரு திசையில் மட்டும் குறைந்திருந்தால் நடுவில் புதுக் கட்டடமோ கல்யாண மண்டபமோ எழும்பியிருக்கும். எல்லாத் திசையிலும் குறைந்திருந்தால் சக்தி போய்விட்டது. மதியம் மட்டும் குறைகிறது என்றால் டிரான்ஸ்மிட்டரின் ஃபேன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சு போலத் தூசி அடைத்திருக்கும். சூடேறினால் கருவி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் அறையில் சாக்பீஸ் தூள்தான் எதிரி.

கேபிளையும் சந்தேகப்படுங்கள். ஆர்.ஜி. 213 வகைக் கேபிள் 30 மீட்டர் ஓடினால், 50 வாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே சூடாகிப் போய்விடும். அரை இஞ்ச் ஃபோம் கேபிள் போட்டால் 40க்கு மேல் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். விலை அதிகம்தான். ஆனால் நிலையம் தன் ஆயுளில் செய்யும் மிக நல்ல செலவு அது என்பேன்.

சக்தியை ஏற்றிவிடலாமா என்று ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவர் கேட்பார். கூடாது. சமுதாய வானொலிக்கு வழக்கமாக அனுமதிப்பது 100 வாட் இ.ஆர்.பி. (ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் பயனுறு சக்தி), தரையிலிருந்து ஆன்டெனா உயரம் 30 மீட்டர் வரை. உங்கள் உரிமத்தில் எழுதியிருப்பதுதான் எல்லை. எஃப்.எம். பட்டைக்கு மேலே 108 மெகாஹெர்ட்ஸில் விமானப் போக்குவரத்து அலைவரிசை தொடங்குகிறது. அங்கே நம் சத்தம் போய் விழக் கூடாது.

சக்தி கூட்டாமல் கேட்கும் தூரத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. பேச்சுதான் உங்கள் நிகழ்ச்சியில் அதிகம் என்றால் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் ஒலிபரப்புங்கள். ஓரத்தில் இருக்கும் ஊர்களில் இரைச்சல் கணிசமாகக் குறையும். நாங்கள் மாற்றிய வாரத்தில் அதுவரை பேசாத ஒரு ஊரிலிருந்து இரண்டு போன் வந்தது.

“ஸ, ச எல்லாம் கிழியுது”

மைக்கை மாற்றாதீர்கள். எஃப்.எம்.மில் மேல் ஸ்தாயி ஒலிகளை உயர்த்தி அனுப்பி (இதற்குப் பெயர் ப்ரீ-எம்ஃபசிஸ்), ரேடியோவில் அதே அளவு குறைத்துக்கொள்வார்கள். இந்தியாவில் அது 50 மைக்ரோ செகண்ட் கணக்கு. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி இதனால் சுமார் 10 டெசிபெல் ஏறிவிடும். மிக்சர் மீட்டரில் அடக்கமாகத் தெரியும் “ஸ்” டிரான்ஸ்மிட்டருக்குள் போய், அலைவரிசை விலகலாம் என்று வைத்த 75 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கிழிகிறது.

மிக்சரின் வெளியீட்டை 6 டெசிபெல் குறைத்துக் கேளுங்கள். சரியானால் அளவுதான் பிரச்சினை, டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் லிமிட்டர் (ஒலி அளவு தாண்டாமல் அடக்கும் கருவி) வேண்டும். குறைத்தும் எல்லாமே தகரம் போலக் கூர்மையாக இருந்தால், ப்ராசசரிலும் டிரான்ஸ்மிட்டரிலும் ப்ரீ-எம்ஃபசிஸ் ஆன் ஆகியிருக்கிறது. ஒன்றை அணையுங்கள். அளவுக்கருவி இல்லாதவர்கள் அதே ரேடியோவில் ஆகாஷ்வாணியை வைத்து, பிறகு நம் நிலையத்துக்கு வாருங்கள். நம்முடையது அதைவிட ஓங்கிக் கேட்டால் நாம் கத்திக்கொண்டிருக்கிறோம்.

“சத்தமே இல்ல”

அலை இருக்கிறதா, அதுவும் இல்லையா என்று முதலில் கேளுங்கள். ரேடியோவில் “சர்ர்” என்று இரைந்தால் டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கிறது. இரைச்சலும் இல்லாமல் வெறும் அமைதி என்றால் டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது, ஒலி போகவில்லை.

அமைதி என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். அப்டேட் போட்டு இரவில் தானே அணைந்து எழுந்திருக்கும், பிளேலிஸ்ட் எழுந்திருக்காது. அல்லது யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டைத் தூங்க வைத்திருக்கும். ஒலிபரப்புக் கம்ப்யூட்டரில் தானியங்கி அப்டேட், ஸ்லீப், எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணையுங்கள். இரங்கல் செய்தி நடுவே வாட்ஸ்அப் “டிங்” ஒலித்த நாளை நான் மறக்கவில்லை. செமஸ்டர் விடுமுறையில் ஆள் இல்லாத நேரத்துக்கு, 30 நொடி நிசப்தம் வந்தால் பொறுப்பாளருக்கு அலாரம் அடிக்கும் ஏற்பாடு ஒன்று அவசியம்.

நிகழ்ச்சிப் பதிவுகளை 3 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவை மிக்சரிலிருந்து எடுக்காமல், ஒரு ரேடியோவைத் தனியாக வைத்து அதன் வெளியீட்டிலிருந்து எடுங்கள். விதிக்கும் ஆயிற்று, கோளாறு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதும் தெரிந்துவிடும்.

“எங்க போன்ல உங்க ஸ்டேஷனே இல்ல”

இயர்போன் மாட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலான போன்களில் அந்த ஒயர்தான் ஆன்டெனா. தானாகத் தேடும் வசதி பலம் குறைந்த நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். எண்ணைக் கையால் போடச் சொல்லிக் கொடுங்கள், பொறுமையாக.

ஜூன் மாதக் கோளாறு

இது நேயர் சொல்வதல்ல. இறுதியாண்டு மாணவர்கள் போய், புதியவர்கள் வந்ததும் பழைய கோளாறுகள் எல்லாம் வரிசையாகத் திரும்பும். எந்த ஒயர் எதற்கு என்று தெரிந்த பிள்ளை வேலை கிடைத்து ஓசூருக்குப் போயிருப்பாள். நான் இதற்குக் கண்ட மருந்து மூன்று. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் தமிழில் எழுதிய லேபிள்: “மிக்சர் இடது – ப்ராசசர் இடது”. கதவுக்குப் பின்னால் ஒலி போகும் வழியின் படம். டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் நோட்டு, அதில் தினமும் காலையில் போகும் சக்தி, திரும்பும் சக்தி, அறை வெப்பம். எழுதுகிறவர் பெயரும் வேண்டும், ஏனென்றால் போகிற மாணவர்கள் ஒரு மாதமாவது வருகிற மாணவர்களுடன் சேர்ந்து எழுதினார்களா என்பது அதில்தான் தெரியும்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து நேயர்களை அவர்கள் சம்மதத்தோடு குறித்திருக்கிறோம். ஊர், எந்த வகை ரேடியோ, எந்த நேரத்தில் கேட்பார்கள் என்பது மட்டும். தறிக்கார அக்காதான் முதல் வரி. திங்கள்கிழமை தோறும் புதிய மாணவர் ஒருவர் அவர்களைக் கூப்பிட வேண்டும். “நல்லாக் கேக்குதாக்கா?” என்று கேட்டால் எல்லாரும் “கேக்குது கண்ணு” என்றுதான் சொல்வார்கள், மனசு நோகக் கூடாது என்று. அதனால் “இப்ப யாரு பேசிட்டு இருக்காங்க, என்ன சொல்றாங்க?” என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதில் வர ஐந்து நொடிக்கு மேல் ஆனால், பாக்கெட் ரேடியோவை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.